ஆர்ஆர்ஆர் சென்டரை பெரிய கடையா மாத்தப் போறாங்களாம், பகுதி சபைல என்ன சொல்லலாம்?

மாடித்தோட்டம்_அக்கா:
எல்லாருக்கும் வணக்கம். எங்க மாநகராட்சில பழைய துணி, புக், பொம்மை எல்லாம் வாங்கி வச்சு வேணுங்கிறவங்களுக்குக் குடுக்குற ஆர்ஆர்ஆர் (ரெட்யூஸ், ரீயூஸ், ரீசைக்கிள்) சென்டர் ஒண்ணு இருக்கு. 2023 மே மாசம் 'மேரி லைஃப், மேரா ஸ்வச் ஷெஹர்'னு நாடு முழுக்க ஒரு இயக்கம் நடந்துச்சுல்ல, அப்ப ஊர் ஊருக்கு திறந்தாங்களே, அந்த வகைதான். உரம் தயாரிக்கிற ஷெட்டுக்குப் பக்கத்துல பத்துக்குப் பன்னெண்டு ரூம், நாலு ரேக், ஒரு டேபிள். நான் ரெண்டு வருஷமா சனிக்கிழமை காலைல போய் துணி பிரிச்சு அடுக்கிக் குடுக்குறேன்.

இப்ப பூட்டிக் கிடக்குற பழைய சமுதாயக் கூடத்தை இதுக்கு ஒதுக்கி பெரிய கடையா பண்ணலாம்னு பேச்சு வந்திருக்கு. வர்ற நவம்பர் 1, வார்டு ஜனங்க கூடிப் பேசுற பகுதி சபா கூட்டத்துல கருத்து சொல்லுங்கன்னு கவுன்சிலர் சொல்லிட்டாரு. இலவசமாவே இருக்கட்டுமா இல்ல சின்னதா விலை வைக்கலாமா, யாரு நடத்துறது, எதை எல்லாம் வாங்கக் கூடாது, இதுதான் எனக்குத் தெளிவாத் தெரியணும்.

ஏன் கேக்குறேன்னா போன மாசம் ஒரு அம்மா கைக்குழந்தையோட வந்தாங்க, குளிருக்குப் போட ஏதாவது கிடைக்குமான்னு வாசல்ல நின்னே கேட்டாங்க. உள்ள வாங்க பாத்து எடுங்கன்னேன். அதுக்குள்ள அங்க இருந்த ஆளு நோட்டை நீட்டி பேரு, போன் நம்பர் எழுதுங்க, துணியோட ஒரு போட்டோ எடுத்துக்கணும், ரிப்போர்ட்டுக்கு வேணும்னாரு. அந்தம்மா "பரவாயில்லங்க"ன்னு சொல்லிட்டு திரும்பிப் போயிட்டாங்க. நான் பின்னாடியே ஓடினேன், பஸ் ஏறிட்டாங்க. அந்த ஸ்வெட்டர் இன்னும் ரேக்லயே இருக்கு, பாக்குறப்ப எல்லாம் மனசு கேக்கல. இதே நோட்டும் போட்டோவும் பெரிய கூடத்துக்கும் வந்தா அப்புறம் பெருசு பண்ணி என்ன பிரயோஜனம்?

நாகை_கரையோரம்:
அக்கா, நான் 2004 சுனாமி சமயம் ஒன்பதாவது படிச்சிட்டிருந்தேன். நாடு முழுக்க இருந்து லாரி லாரியா பழைய துணி வந்துச்சு, வந்தவங்க ரோட்டோரமே கொட்டிட்டுப் போனாங்க. மழைல நனைஞ்சு மக்கி நாறிப்போய் கிடந்துச்சு. எங்க சனம் யாரும் தொடல. திமிருன்னு அப்ப சில பேர் பேசினாங்க. திமிரெல்லாம் இல்லங்க, முந்தின வாரம் வரைக்கும் சொந்தமா படகு வச்சு மீன் வித்த குடும்பம், குவியலைக் கிளறி யாரோ போட்டுக் கழிச்ச பாவாடையை எப்படி எடுக்கும்? பிறகு கூஞ்ச் அமைப்பு வந்து அந்தத் துணிகள்ல மிஞ்சினதை எடுத்துப் பிரிச்சு உபயோகமாக்குனாங்க. அதை ஆரம்பிச்ச அன்ஷு குப்தாவுக்குத்தான் 2015ல மகசேசே விருது கிடைச்சுது. அவங்க சும்மா குடுக்குறதில்ல, கிராமத்து சனம் குளம் வெட்டுறது ரோடு போடுறதுன்னு ஊருக்கு ஒரு வேலை செஞ்சா அதுக்குப் பதிலா துணி. போட முடியாத காட்டன் துணிய துவைச்சு வெட்டி மாதவிடாய் நாப்கின் தைக்குறாங்க.

நீங்க கூட்டத்துல முதல்ல சொல்ல வேண்டியது இடம் பத்தாது, ரேக் பத்தாதுன்னு இல்ல. குவியல் கூடாது. எதுவா இருந்தாலும் மடிச்சோ ஹேங்கர்ல மாட்டியோ தான் வெளிய வரணும். குனிஞ்சு கிளறுற மாதிரி எதுவும் அங்க இருக்கவே கூடாது.

வார்டு_வரி_கட்டுறவன்:
நான் எதிர்க்கருத்துதான் சொல்வேன், தப்பா நினைக்காதீங்க. திருநெல்வேலில 2017ல கலெக்டர் சந்தீப் நந்தூரி அன்புச் சுவர்னு ஆரம்பிச்சாரு, வேண்டாத பொருளை வச்சிட்டுப் போனா வேணுங்கிறவங்க எடுத்துக்கலாம், நல்ல யோசனை, அதைப் பாத்து பல ஊர்ல ஆரம்பிச்சாங்க. எங்க ஏரியாலயும் ஒண்ணு வந்துச்சு. முதல் மாசம் அலமாரி நிறைஞ்சுது, நானே ரெண்டு பேன்ட் வச்சேன். ஆறு மாசத்துல கதவு உடைஞ்சு உள்ள கிழிஞ்ச ஜட்டியும் ஒத்தச் செருப்பும்தான் இருந்துச்சு, அப்புறம் நாய் படுக்க ஆரம்பிச்சுது. ஆரம்பிக்க ஆர்வமா வர்றவங்க பராமரிக்க வர்றதில்ல. இருக்குற சின்ன ரூமை ஒழுங்கா ஒரு வருஷம் நடத்திக் காட்டட்டும், சம்பளத்துக்கு ஆள் போடட்டும், பிறகு கூடத்தைக் கேளுங்க. இல்லன்னா கூடமும் போயிடும்.

ஓவர்லாக்_தையல்:
அன்புச் சுவருக்கு ஆள் கிடையாது, கடைக்கு ஆள் உண்டு, அதுதான் வித்தியாசம் சார். ஆளில்லாம எதுவும் நிக்காதுன்னு நீங்க சொல்றது நூத்துக்கு நூறு சரி.

நான் பதினஞ்சு வருஷமா தையல் கடை வச்சிருக்கேன், மகளிர் குழுலயும் இருக்கேன். ஒரு மூட்டை பழைய துணில என்ன வரும்னு எனக்குத் தெரியும். குழந்தைங்க துணி புதுசு மாதிரியே வரும், வளந்துடுதுங்க, மூணு தடவை போட்ட பட்டுப்பாவாடை எல்லாம் வரும். ஜென்ட்ஸ் சட்டைல காலர் தேஞ்சிருக்கும், பிரிச்சு திருப்பிப் போட்டுத் தைச்சா இன்னும் ரெண்டு வருஷம் ஓடும். பிளவுஸ் யாருக்கும் ஆகாது, அளவு பொருந்தாது, வாங்கவே வேண்டாம். உள்ளாடை கண்டிப்பா வேண்டாம், போர்டு வச்சிடுங்க. சேலை எவ்வளவு வந்தாலும் வாங்குங்க, கிழிஞ்ச சேலைகூட பையாகும். அரசாங்கம் 2021 டிசம்பர்ல மீண்டும் மஞ்சப்பைன்னு ஆரம்பிச்சுதே, அதுக்கு நம்ம கடைலயே பை தைச்சுக் குடுக்கலாம். எதுக்கும் உதவாத காட்டன லேத் பட்டறைக்காரங்க, மெக்கானிக்குங்க துடைக்க கிலோ கணக்குல வாங்குவாங்க, அதை வெட்டிக் கட்டி வச்சா அதுலயும் காசு வரும்.

அதோட ஒண்ணு யோசிங்க, தெருவுல பழைய துணிக்குப் பாத்திரம்னு கூவிக்கிட்டு வர்ற அக்காங்க இருக்காங்க, நம்ம கடை அவங்க பொழப்புல கை வைக்கக் கூடாது. அவங்கள்ல ரெண்டு பேரையே பிரிக்கிற வேலைக்குச் சேத்துக்கலாம், துணியைத் தொட்டுப் பாத்தே என்ன ரகம்னு சொல்லிடுவாங்க, நமக்கெல்லாம் அந்தக் கண்ணு கிடையாது.

விலை வைக்கணும்னுதான் நான் சொல்வேன். அம்மா உணவகம் 2013ல வந்தப்ப இட்லி 1 ரூபா, சாம்பார் சாதம் 5 ரூபா. சும்மா போட்டிருந்தா எங்க தெரு ஆட்டோக்காரரு போய் நின்னிருக்க மாட்டாரு, காசு குடுத்து டோக்கன் வாங்குறதால தலை நிமிந்து போய் சாப்பிட்டாரு. அதையும் குழுப் பெண்கள்தான் சமைச்சாங்க, மாநகராட்சிதான் நடத்துச்சு. அதே மாதிரி இதையும் பண்ணலாம்ல, குழந்தை டிரஸ் 10, சட்டை 20, சேலை 30ன்னு வச்சு.

பாக்கெட்_தழும்பு:
இதைப் படிச்சிட்டு எழுதாம இருக்க முடியல. எங்க அம்மா தூய்மைப் பணியாளர், இப்ப ரிட்டயர்டு. நான் பத்தாவது வரைக்கும் போட்ட சட்டை பாதிக்கு மேல அம்மா வேலை பாத்த தெருவுல குடுத்தது. ஒரு வருஷம் வேற ஏதோ ஸ்கூல் யூனிபார்ம் சட்டை ஒண்ணு வந்துச்சு, பாக்கெட்ல அந்த ஸ்கூல் பேட்ஜ் தைச்சிருந்துச்சு. அம்மா பிளேடால நூல் நூலா பிரிச்சு எடுத்தாங்க, ஆனா சட்டை வெளுத்துப் போனதால பேட்ஜ் இருந்த இடம் மட்டும் அடர்த்தியா சதுரமா தெரிஞ்சுது. நான் அந்த வருஷம் பூரா இடது கையை நெஞ்சு மேலயே வச்சுக்கிட்டு நடந்தேன். குடுத்தவங்க நல்ல மனசோடதான் குடுத்தாங்க, எனக்கு அவங்க மேல கோபம் இல்ல. ஆனா நம்ம ஊர்ல பழைய துணி குடுக்குறது வெறும் தானம் மட்டும் இல்லங்க, யாரு குடுக்கலாம் யாரு கை நீட்டணும்னு சாதியை வச்சு காலங்காலமா ஒரு வழக்கம் இருக்கு, அந்த நினைப்பு அந்தத் துணியோடயே வருது. அதனாலதான் அந்தம்மா போட்டோன்னதும் போயிட்டாங்க.

அதனால என் கருத்து, விலை வைங்க, எவ்வளவு குறைவா இருந்தாலும் சரி. பில் குடுங்க. பேரு கேக்காதீங்க, ரேஷன் கார்டு கேக்காதீங்க, போட்டோ கூடவே கூடாது, குடுக்குறவங்க வேணும்னா போட்டோ எடுத்துக்கட்டும், வாங்குறவங்கள எடுக்கக் கூடாதுன்னு எழுத்துல தீர்மானமா போடச் சொல்லுங்க.

இன்னொண்ணு, பிரிக்கிற வேலையை தூய்மைப் பணியாளர்கள் தலைல கட்டிடாதீங்க. காலைல அஞ்சு மணில இருந்து தெருக் கூட்டிட்டு வந்தவங்கள உக்காந்து துணியும் பிரின்னு சொல்லிடுவாங்க, சுலபமா நடக்கும் அது. கிளவுஸ், மாஸ்க், தனிச் சம்பளம், தனி ஆளு. எங்க அம்மா மாதிரி ஆளுங்க அந்தக் கடைக்குள்ள வந்தா வாடிக்கையாளரா வரட்டும்.

ஹம்பேர்க்_யாழ்:
வணக்கம் அக்கா. நாங்கள் யாழ்ப்பாணம், இப்ப ஜேர்மனியில ஹம்பேர்க்கில இருக்கிறம். நீங்கள் கேக்கிற மாதிரி ஒரு கடை இஞ்ச கனகாலமா இருக்கு, ஸ்டில்புறுக் எண்டு பேர். நகரத்தின்ர குப்பை அள்ளுற நிறுவனம்தான் 2001 இல இருந்து நடத்துது. ஆக்கள் வேண்டாமெண்டு எறியிற கதிரை, மேசை, அலுமாரி ஏத்தப் போகேக்க நல்லதுகளை உடைக்காமல் தனியப் பிரிச்சு எடுத்துக்கொண்டு வருவினம். உடுப்பு, புத்தகம், கோப்பை, சைக்கிள் எல்லாம் இருக்கும். மின்சாரச் சாமான் சோதிச்சுப் பாத்துத்தான் வைப்பினம். நாங்கள் வந்த புதிசில கையில காசில்லை, எங்கட முதல் வீட்டு மேசையும் நாலு கதிரையும் பிள்ளையின்ர கட்டிலும் அங்கதான் வாங்கினது. ஒருத்தரும் எங்களை அகதியோ எண்டு கேக்கேல்ல, விலை ஒட்டியிருந்தது, காசைக் குடுத்திட்டு வந்தம். எனக்கு முன்னால வரிசையில நிண்டவர் பெரிய கார் வச்சிருந்தவர், பழைய விளக்கொண்டு வாங்கிக்கொண்டு போனார். எல்லாரும் போற கடை எண்டபடியால் போறவைக்கு வெக்கமில்லை.

வியன்னாவில மாநகரசபையின்ர குப்பைப் பகுதியே 2015 இல 48ஏர் டான்ட்லர் எண்டு ஒரு கடை திறந்தது, அங்க வாற காசு தொண்டுக்குப் போகுது. உங்கட கடையிலயும் வாற காசு எங்க போகுதெண்டு சுவரில எழுதி ஒட்டச் சொல்லுங்கோ. வசதியான ஆக்களும் வாங்க வாற மாதிரிப் புத்தகம், பாத்திரம், தளபாடம் எல்லாம் வையுங்கோ, வெறும் உடுப்பு மட்டும் வச்சால் அது ஏழையளின்ர கடை ஆகிப்போம்.

மாடித்தோட்டம்_அக்கா:
பாக்கெட்_தழும்பு தம்பி, நீங்க எழுதினதை மூணு தடவை படிச்சேன். நான் இத்தனை நாள் அந்த நோட்டுல பேரு எழுதச் சொல்றதைப் பக்கத்துல நின்னு பாத்துட்டு சும்மா இருந்திருக்கேன், அது தப்புதான். கூட்டத்துல நோட்டும் போட்டோவும் வேணாம்ங்கிறதைத்தான் முதல்ல பேசப் போறேன், எத்தனை உருப்படி போச்சுன்னு பில் எண்ணிக்கையை வச்சே ரிப்போர்ட் குடுத்துக்கலாம். விலையும் வைக்கச் சொல்லப் போறேன். இலவசமா இருந்தாதான் ஏழைங்களுக்கு நல்லதுன்னு போன வாரம் வரைக்கும் நெனச்சிட்டிருந்தேன். அந்த 10 ரூபாகூட இல்லாம வர்றவங்களுக்கு மட்டும் என்ன பண்றதுன்னு இன்னும் புரியல, யாருக்காவது நல்ல வழி தெரிஞ்சா சொல்லுங்க. புக் ரேக்குக்கு டிஎன்பிஎஸ்சி, நீட் கைடு எல்லாம் கேட்டு வாங்கலாம்னு இருக்கேன், இப்பவே அதைத்தான் பசங்க வந்து தேடுறாங்க.

வரி கட்டுற சார் சொன்ன மாதிரி சம்பளத்துக்கு ரெண்டு பேர் இல்லாம கூடத்தைத் திறக்கக் கூடாதுன்னும் எழுதிக் குடுக்குறேன்.

வார்டு_வரி_கட்டுறவன்:
அப்படின்னா எனக்கு ஆட்சேபணை இல்ல. கூடத்துல பிரிக்கிற இடமும் விக்கிற இடமும் தனித்தனியா தடுக்கணும், ஜன்னல் பக்கம் மழைச் சாரல் அடிக்குதான்னு பாத்துக்கங்க, துணி ஈரமாச்சுன்னா ஒரே வாரத்துல பூஞ்சை புடிச்சிடும்.

ஓவர்லாக்_தையல்:
10 ரூபா இல்லாதவங்களுக்கு இப்படிப் பண்ணலாம். வசதி உள்ளவங்க பில் போடுறப்ப கூட ஒரு டோக்கனுக்குக் காசு கட்டிட்டுப் போகட்டும், அந்த டோக்கன கவுன்டர்ல டப்பால போட்டு வைங்க, தேவைப்படுறவங்க எடுத்து நீட்டினா அதுவும் காசு மாதிரிதான், ஒண்ணும் கேக்க வேண்டாம். நானும் உங்க ஊர்ப்பக்கம்தான் அக்கா. என்கிட்ட பழைய மெஷின் ஒண்ணு சும்மா இருக்கு, கடைக்குக் குடுக்குறேன். காலர் திருப்புறது, பட்டன் வைக்கிறது எல்லாம் வாரத்துல ரெண்டு சாயங்காலம் வந்து சொல்லியும் தர்றேன். மோட்டார் மெஷின், கூடத்துல கரண்ட் கனெக்‌ஷன் இருக்கா இல்ல பூட்டினப்பவே கட் பண்ணிட்டாங்களான்னு மட்டும் பாத்துச் சொல்லுங்க.