சிங்கப்பூரில் சர்க்கரை இறங்கி மயங்கிய அம்மா மறுபடி கிளம்பப் பயப்படுகிறாள், என்ன செய்யலாம்?

கல்லிடைக்குறிச்சிப் பெண்:

அம்மாவுக்கு வயது 67. நெடுநாளாகச் சர்க்கரை இருக்கிறது, பிரஷரும் உண்டு. கிளிமிபிரைடும் மெட்ஃபார்மினும் சேர்ந்த மாத்திரை காலையும் இரவும். போன வருஷம் மதினியின் பிரசவத்துக்குத் துணையாகச் சிங்கப்பூரில் அண்ணன் வீட்டுக்குப் போயிருந்தாள். பிள்ளை நல்லபடியாகப் பிறந்தது. அதற்கப்புறம் ஒருநாள் காலையில் மாத்திரையைப் போட்டுவிட்டுப் பாதி இட்லியோடு எழுந்துவிட்டாள், பிள்ளையைக் குளிப்பாட்ட வேண்டுமே என்று. பிறகு அண்ணனோடு தேக்கா மார்க்கெட்டுக்குப் போய், பிரசவ மருந்துக்குச் சுக்கு, திப்பிலி, பூண்டு எல்லாம் பார்த்துப் பார்த்து வாங்கிவிட்டு வீடு திரும்ப மூன்று மணி ஆகிவிட்டது.

வந்து உட்கார்ந்தவளுக்கு ரவிக்கை நனைந்து ஒட்டும் அளவுக்கு வேர்வை. கை நடுங்கியிருக்கிறது. மதினியைப் பார்த்து என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டு, "வாசல்ல தண்ணி தெளிச்சியாட்டி?" என்று கேட்டிருக்கிறாள். அவர்கள் இருப்பதோ ஒன்பதாவது மாடி. மதினி பதறி, ஊரிலிருந்து கொண்டுபோன அல்வாவை எடுத்து வாயில் ஊட்டியிருக்கிறாள். அண்ணன் 995-க்கு அடித்தான். வந்தவர்கள் விரலில் குத்திப் பார்த்து 2.9 என்றார்களாம். நரம்பில் குளுக்கோஸ் ஏற்றிய சில நிமிஷத்தில் அம்மா கண்ணை விழித்து, "ஏல, எதுக்கு இவ்வளவு பேரு நிக்காவ?" என்று கேட்டாள். தெளிந்த பிறகும் வீட்டுக்கு விடவில்லை. ஈசிஜி, ரத்தப் பரிசோதனை என்று ராத்திரி முழுக்க வைத்துக்கொண்டார்கள்.

பில் அண்ணன் கையை விட்டுத்தான் போனது. எடுத்திருந்த காப்பீடு ஏற்கெனவே இருக்கிற நோய்க்குக் கிடையாது. அம்மா அந்தத் தொகையைப் பார்த்துவிட்டாள். மயங்கியதைவிட அதுதான் அவளை ஆட்டிவிட்டது.

ஊருக்கு வந்ததிலிருந்து ஆளே மாறிப்போனாள். தலையணைக்கு அடியில் பிஸ்கட். படுக்கும் முன் ஒரு கரண்டி சீனி. ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து விரலைக் குத்திக்கொள்கிறாள். சர்க்கரை 200-க்குக் கீழே வந்தாலே படபடப்பாக வருகிறது என்று உடனே எதையாவது தின்கிறாள். மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி (HbA1c) 7.4 சதவீதம் இருந்தது, இப்போது 9.6. மதினி வேலைக்குத் திரும்ப வேண்டும், பிள்ளையைப் பார்க்க அம்மா வர முடியுமா என்று அண்ணன் கேட்கிறான். "அங்க வந்து நான் விழுந்தா, பொணத்தக் கொண்டு வரதுக்கும் அவந்தான் செலவழிக்கணும்" என்கிறாள். பேரனைப் போனில் பார்த்துவிட்டு ராத்திரி அழுகிறாள்.

கட்டாயப்படுத்த எனக்கு மனசில்லை. போனாலும் போகாவிட்டாலும் இந்தப் பயத்திலிருந்து அவள் வெளியே வர வேண்டும். இப்படி ஒன்றைக் கடந்து வந்தவர்கள் சொல்லுங்கள்.

ஹைகிரவுண்டு அக்கா:

தங்கச்சி, நான் பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். அம்மா பயப்படுவது நியாயம். திடீரென்று தன் மூளையே தனக்கு இல்லாமல் போன அனுபவம் அது. "ஒண்ணுமில்ல, எல்லாம் சரியாயிட்டு" என்று மட்டும் சொல்லி அந்தப் பயம் போகாது. என்ன நடந்தது என்பதை ஒவ்வொன்றாக அவர்களுக்கு விளக்க வேண்டும்.

அங்கே சொன்ன 2.9 நம் ஊர்க் கணக்கு இல்லை. சிங்கப்பூர், மலேசியா, பிரிட்டன் மாதிரி நாடுகளில் சர்க்கரையை மில்லிமோல் கணக்கில் சொல்வார்கள். அதை 18-ஆல் பெருக்கினால் நம் கணக்கு வரும். அம்மாவுக்கு அன்றைக்கு 52 இருந்திருக்கிறது. 70-க்குக் கீழே போனாலே தாழ்வுதான், அங்கே அது 3.9. இதை ஒரு அட்டையில் எழுதி அண்ணன் வீட்டுக் குளிர்பெட்டியில் ஒட்டச் சொல்லு.

ராத்திரி முழுக்க வைத்திருந்தது, உங்களிடம் மறைத்த வேறு பெரிய வியாதிக்காக இல்லை. கிளிமிபிரைடு சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் கணையத்தைப் பிழிந்து இன்சுலினை வரவழைக்கிற மாத்திரை. நாள் முழுக்க வேலை செய்யும். குளுக்கோஸ் ஏற்றியதும் தெளிவு வந்தாலும், மாத்திரை உடம்பில் இருக்கிற வரை மறுபடி இறங்கலாம். சிறுநீரகம் கொஞ்சம் தளர்ந்திருந்தால் இன்னும் நேரம் தங்கும். அதற்காகத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் வார்டிலும் மாத்திரையால் சர்க்கரை இறங்கி வருகிறவரை அன்றைக்கே அனுப்ப மாட்டோம். சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் ரத்தப் பரிசோதனை பார்த்து நாளாகிவிட்டது என்றால் உடனே பார்த்துவிடு.

இப்போது 200-க்குக் கீழே வந்தாலே படபடப்பு வருகிறது என்பதும் பொய் இல்லை. மாதக்கணக்கில் 250-இலேயே இருந்து பழகிய உடம்புக்கு 120-க்கு இறங்கினாலே தாழ்வு மாதிரி நடுக்கம் வரும். அதனால்தான் கருவி கையில் இருந்தால் முதலில் குத்திப் பார்த்துவிட்டுச் சாப்பிடச் சொல்கிறேன். கருவி இல்லையென்றால் காத்திருக்க வேண்டாம், சாப்பிட்டுவிடலாம். சராசரி மெல்ல இறங்க இறங்க இந்தப் பொய் நடுக்கமும் நின்றுவிடும்.

அப்புறம் முக்கியமானது. அம்பையில் பார்க்கிற டாக்டரிடம் போய், "இந்த மாத்திரையில் சர்க்கரை இறங்கி மயங்கிவிட்டார்கள், தாழ்வு வராத மாத்திரை மாற்றித் தர முடியுமா" என்று நேராகக் கேள். மெட்ஃபார்மின் தனியாக இருந்தால் தாழ்வு வருவது அபூர்வம். அதோடு சேர்க்க சிட்டாகிளிப்டின், வில்டாகிளிப்டின் வகை இருக்கிறது. அவை சாப்பாடு வந்து சர்க்கரை ஏறும்போதுதான் வேலை செய்யும். முன்பு விலை கூடுதல். 2022-இல் சிட்டாகிளிப்டினின் காப்புரிமை முடிந்த பிறகு மக்கள் மருந்தகத்திலேயே கிடைக்கிறது. நீயாக எதையும் நிறுத்தாதே. இந்த வயதில் சராசரியை 7-க்குக் கீழே இழுத்துப் பிடிக்கவும் தேவையில்லை, அம்மாவுக்கு எவ்வளவு போதும் என்று டாக்டரே சொல்வார்.

உன் மதினி அல்வா ஊட்டியது பாசத்தில், குறை சொல்ல மாட்டேன். ஆனால் நெய் சேர்ந்த இனிப்பிலிருந்து சர்க்கரை ரத்தத்தில் ஏற நேரமாகும். தண்ணீரில் மூன்று டீஸ்பூன் சீனி அல்லது குளுக்கோஸ் பொடி, பதினைந்து நிமிஷம் கழித்து மறுபடி குத்திப் பார்ப்பது, ஏறியதும் இட்லியோ சோறோ. பேச்சுக் குழறி, விழுங்க முடியாத நிலை என்றால் வாயில் எதையும் வைக்கவே கூடாது, புரையேறிவிடும். ஒருக்களித்துப் படுக்கவைத்துவிட்டு 995.

கடையநல்லூர்க்காரன்:

அக்கா சொன்னது அத்தனையும் சரி. எங்கள் மாமாவை உம்ராவுக்குக் கூட்டிப்போனபோது மக்காவில் இதே அனுபவம். ஸபாவுக்கும் மர்வாவுக்கும் இடையே ஏழு ஓட்டம், சேர்த்தால் மூன்று கிலோமீட்டருக்கு மேல் வரும். அதற்கு முன்னால் தவாப் என்று காபாவை வேறு சுற்றியிருந்தார். ஐந்தாவது ஓட்டத்தில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். முகத்தில் ரத்தமே இல்லை. பக்கத்தில் வந்த யாரோ ஒரு துருக்கிக்காரப் பெரியவர் பேரீச்சம்பழத்தைக் கையில் திணித்துவிட்டுப் போனார். அல்லாஹ் அனுப்பிய ஆள் என்று மாமா இன்றைக்கும் சொல்வார். சவுதியில் ஆம்புலன்ஸ் நம்பர் 997, கூப்பிடத் தேவைப்படவில்லை.

அன்றைக்கு மாமா என்னிடம் சொன்னதைத்தான் உங்களிடம் சொல்ல வந்தேன், தங்கச்சி. நான்காவது ஓட்டத்திலேயே அவருக்குத் தெரிந்துவிட்டதாம். பிள்ளைகளுக்குச் சிரமம் கொடுக்கக் கூடாது என்று வாயைத் திறக்கவில்லை. நம் பக்கத்துப் பெரியவர்கள் எல்லோருக்கும் இந்தக் குணம் உண்டு. உங்கள் அம்மாவும் அன்றைக்குத் தேக்காவில் நிற்கும்போதே உணர்ந்திருப்பார்கள், மகனை அவசரப்படுத்த வேண்டாம் என்று இருந்திருப்பார்கள். அதனால் அண்ணனே போன் போட்டுச் சொல்லட்டும்: "அம்மா, நீ முதல்லயே சொன்னா எனக்கு ஒரு ஜூஸ் செலவு. சொல்லாம இருந்தாத்தான் ஆஸ்பத்திரிச் செலவு." மகன் வாயால் கேட்டால்தான் அந்தப் பில் மனசை விட்டு இறங்கும். நாம் சொன்னால் இறங்காது.

பாளை மருந்துக்கடை:

செலவு பற்றி இரண்டு வார்த்தை. சிங்கப்பூர் அரசு ஆஸ்பத்திரியில் மானியம் அந்நாட்டுக் குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும்தான், பார்வையாளருக்கு முழுக் கட்டணம். ஆகவே காப்பீடு எடுக்கும்போது சர்க்கரை, பிரஷர் இரண்டையும் மறைக்காமல் எழுதுங்கள். மறைத்தால் அதைக் காட்டியே பணம் தர மறுப்பார்கள். ஏற்கெனவே உள்ள நோய்க்கும் பணம் தருகிற திட்டங்கள் இருக்கின்றன, சிலவற்றில் உயிருக்கு ஆபத்தான நிலைக்கு மட்டும், அதுவும் ஒரு வரம்பு வரை. அந்தப் பக்கத்தை வாசித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். ஆஸ்பத்திரியில் சேர்ந்ததும் காப்பீட்டின் உதவி எண்ணுக்கு முதலில் தகவல் சொல்ல வேண்டும்.

மருந்துச் சீட்டில் நம் ஊர்க் கம்பெனிப் பெயர் மட்டும் இருந்தால் அங்கே யாருக்கும் விளங்காது. மூலப்பெயரும் மில்லிகிராமும் எழுதி டாக்டர் கையெழுத்தோடு ஒரு தாள் வாங்கி, அம்மா கைப்பையில் ஒன்று, அண்ணன் போனில் ஒரு படம். மாத்திரை எல்லாம் கைப்பையில், பெட்டியில் போட்டால் பெட்டி வேறு ஊர் போய்ச் சேரும்.

கல்லிடைக்குறிச்சிப் பெண்:

எல்லோருக்கும் நன்றி. அம்பை டாக்டரைப் பார்த்துவிட்டோம். கிரியாட்டினின் 1.3 வந்திருக்கிறது. கிளிமிபிரைடை நிறுத்தி, மெட்ஃபார்மினோடு சிட்டாகிளிப்டின் கொடுத்து, சில வாரம் பார்த்துவிட்டு மேலே பேசலாம் என்றார். அம்மாவுக்கு அக்கா எழுதியதை வாசித்துக் காட்டினேன். "ராத்திரி வச்சிருந்தது அதுக்குத்தானா" என்று இரண்டு தடவை கேட்டாள். மறைவாக இதயத்தில் ஏதோ இருக்கிறது, பிள்ளைகள் சொல்லவில்லை என்று இத்தனை மாதமும் நினைத்திருந்திருக்கிறாள். அண்ணன் பேசினான், அதற்கு அவள் பதிலே சொல்லவில்லை, ஆனால் பாஸ்போர்ட் எந்தப் பீரோவில் இருக்கிறது என்று மறுநாள் கேட்டாள். இன்னும் முடிவு சொல்லவில்லை. ஒன்று மட்டும் கேட்கிறேன் அக்கா, சர்க்கரை பார்க்கிற கருவி அங்கே புதிதாக வாங்க வேண்டுமா?

ஹைகிரவுண்டு அக்கா:

வேண்டாம் தங்கச்சி. அம்மா கைக்குப் பழகிய கருவியே போகட்டும், அதில் நம் கணக்கிலேயே எண் காட்டும். ஸ்ட்ரிப் அந்தந்தக் கருவிக்குத்தான் பொருந்தும், அங்கே அதே வகை கிடைக்காமல் போகலாம். போதுமான அளவு இங்கேயே வாங்கி, காலாவதித் தேதி பார்த்து, டப்பா மூடியை இறுக்கி மூடிக் கைப்பையில் வைத்துவிடு. கிரியாட்டினின் 1.3 என்று சொன்னாயே, அதையும் அந்த மருந்துத் தாளில் தேதியோடு எழுதி வாங்கிக்கொள்.