வங்காள இலக்கியத்தில் பகிர்ந்த வழிபாடு: சத்தியபீரையும் லாலனையும் ஒன்றாகப் பேசலாமா?

முள்ளியவளை வாசகி:
எங்கள் வாசகர் வட்டத்தின் அடுத்த கூட்டத்தில் வங்காள இலக்கியம் பற்றி நான் பேசவேண்டும். இந்துக்களும் முஸ்லிம்களும் வணங்கும் சத்தியபீரைப் போற்றும் ‘பாஞ்சாலி’ என்ற கதைப்பாடல்களும், ஞானப் பாடகர் லாலன் ஃபகீரின் பாடல்களும் மதம் கடந்தவை என்று ஒரே மூச்சில் சொல்லப்படுகின்றன. வற்றாப்பளை அம்மன் பொங்கலுக்குப் போகும் குடும்பம் ஓகஸ்ட் மாதத்தில் மடு மாதா திருவிழாவுக்கும் போய்வருவதைப் பார்த்து வளர்ந்த எனக்கு முன்னது எளிதில் விளங்குகிறது. பின்னதையும் அதே கணக்கில் சேர்க்கலாமா?

நெடுங்கேணியான்:
சேர்க்கக்கூடாது என்பதே என் எண்ணம், சகோதரி. முதலில், காட்டை நம்பிப் பிழைப்பவர்களின் நூலான ‘போன்பீபி ஜோஹுராநாமா’வைப் பாருங்கள். 19ஆம் நூற்றாண்டில் முஸ்லிம் புலவர்கள் பாடிய இக்கதையில், காட்டின் காவல்தேவியான போன்பீபி அரபு நாட்டிலிருந்து இறைவனின் ஆணையோடு புலிகள் வாழும் சுந்தரவனக் காட்டுக்கு வருகிறாள். வங்காள எழுத்தில் அச்சான நூலின் பக்கங்களோ அரபு நூலைப்போல வலமிருந்து இடமாகப் புரட்டப்படுகின்றன. ஆயினும் தேனெடுக்கப் போகும் இந்துக்களும் முஸ்லிம்களும் அவளை வேண்டாமல் காட்டில் கால்வைப்பதில்லை.

தோனா என்ற வணிகன், தேனுக்கும் மெழுகுக்கும் ஈடாகத் துக்கே என்ற ஏழைச் சிறுவனைப் புலியுருவெடுக்கும் தட்சிண ராயிடம் விட்டுவிட்டுப் படகேறுகிறான். தாய் சொல்லி அனுப்பியபடி பிள்ளை கூப்பிட, போன்பீபி வந்து காக்கிறாள். தட்சிண ராயை அவள் கொன்றுவிடுவதில்லை, காட்டில் அவனுக்கும் இடம் விடுகிறாள் என்பதுதான் என்னை மிகவும் தொட்ட இடம். பேராசையில்லாமல், தூய மனத்தோடு காட்டுக்குள் போகவேண்டும் என்ற ஒழுக்கம் இதிலிருந்தே வருகிறது. இங்கே மதங்களின் கொள்கைகள் ஒன்றுகலக்கவில்லை. புலிப் பயம் எல்லாருக்கும் பொது, ஆகவே நேர்த்தியும் பொது. ஏ9 வீதியில் போகிறவர்கள் முறிகண்டிப் பிள்ளையாரடியில் இறங்கித் தேங்காய் உடைக்கும்போது, யார் எந்தச் சமயம் என்று எவரும் விசாரிப்பதில்லை அல்லவா?

வவுனியா ஆசிரியர்:
நண்பர் சொன்னது சரியே. ஆனால் இந்தப் பகிர்வும் உரசல் இல்லாமல் வந்ததன்று. கிருஷ்ணராம் தாஸ் 1686இல் பாடிய ‘ராய்மங்கல’த்தில் தட்சிண ராயும் முஸ்லிம் வீரத் துறவி பரா கான் காஜியும் கடும்போர் புரிகிறார்கள், ஒருபாதி கிருஷ்ணனாகவும் மறுபாதி பைகம்பர் எனப்படும் நபியாகவும் தோன்றும் கடவுள் வந்துதான் சமாதானம் செய்துவைக்கிறார். சத்தியபீர் பாடல்களிலும், முஸ்லிம் துறவியான ஃபகீரின் கோலத்தில் வந்த சத்தியபீரை வணங்கத் தயங்கும் ஏழைப் பிராமணனின் மனக்கலக்கம் மறைக்கப்படுவதில்லை. மாவும் பாலும் வாழைப்பழமும் சர்க்கரையும் பிசைந்த ‘சின்னி’யைப் படைத்துப் பகிர்ந்துண்பதில் அந்தத் தயக்கம் கரைகிறது.

1890இல் குஷ்டியாவுக்கு அருகே மறைந்த லாலனின் வழி வேறு. அவரிடம் ஊர்கூடிய நேர்த்தி இல்லை. குருவிடம் தீட்சை பெற்று, உடலையே கோயிலாகக் கொண்டு, மூச்சை அடக்கிப் பயிலும் மறைவான சாதனை உண்டு. அதனால்தான் அவருடைய பாடல்கள் பூடகமாகப் பேசுகின்றன. போன்பீபியை வணங்குகிறவர் இந்துவாகவோ முஸ்லிமாகவோ வீடு திரும்பலாம். லாலனின் சீடரோ அந்தப் பெயர்களையே கழற்றிவைக்க வேண்டியவர். தமிழில் இதற்கு நெருக்கமானவர், சித்தர் மரபின் மொழியிலேயே சூபி ஞானத்தைப் பாடிய குணங்குடி மஸ்தான் சாகிபு. அவருடைய ‘மனோன்மணிக் கண்ணி’யைப் படித்துவிட்டு லாலனிடம் போனால் பாதி வழி தெரிந்ததாக இருக்கும்.

முள்ளியவளை வாசகி:
இருவருக்கும் மனமார்ந்த நன்றி. அடுத்த கூட்டத்தில் ‘ராய்மங்கல’த்தின் போரில் தொடங்கி, சத்தியபீரின் சின்னி வழியாகத் துக்கேயின் கதையோடு நிறுத்திக்கொள்கிறேன். எங்கள் வட்டத்தில் தேனெடுக்கும் குடும்பத்தினரும் இருப்பதால் அந்தக் கதைக்கே கூடுதல் நேரம் ஒதுக்கப்போகிறேன். லாலனையும் மஸ்தான் சாகிபையும் சேர்த்துத் தனிக் கூட்டமாக வைப்பதே முறை. ஆசிரியர் ஐயா அன்று வந்து பேச இசைவாரா?