கரண்ட் போய்த் திரும்பியதும் உங்கள் ஸ்மார்ட் கருவிகள் என்ன செய்கின்றன? வீடு, ஆலை: அனுபவப் பகிர்வு

திரி தொடங்கியவர், டர்பன்

தென்னாப்பிரிக்க மின் நிறுவனமான எஸ்காமின் லோட் ஷெட்டிங் (முறை வைத்துக் கரண்டை நிறுத்துவது) 2024 மார்ச் கடைசியோடு ஏறக்குறைய ஓய்ந்தது. 2025 முதல் பாதியில் சில நாள் தலைகாட்டியது. ஆனால் கரண்ட் போவது நிற்கவில்லை. கேபிள் திருட்டு, டிரான்ஸ்ஃபார்மர் டிரிப், கோடை இடி என்று காரணம்தான் மாறியிருக்கிறது. வைஃபை பிளக், கீசர் சுவிட்ச், ஆலை சென்சார் எல்லாமே கரண்ட் இருக்கும்வரை சமர்த்தாக ஓடும். திரும்பி வரும் முதல் ஐந்து நிமிடத்தில்தான் குட்டு வெளிப்படும். அந்த ஐந்து நிமிடத்தைப் பற்றி மட்டும் எழுதுங்கள். எந்தக் கருவி, என்ன செட்டிங், எத்தனை ஆம்பியர் என்று இருக்கட்டும். "எங்க வீட்ல நல்லா ஓடுது" என்று மட்டும் எழுதிவிட்டுப் போக வேண்டாம்.

சாட்ஸ்வொர்த் வயர்மேன்

கீசர். இங்கே வீடுகளில் அதிகம் இருப்பது 150 லிட்டர், உள்ளே 3 அல்லது 4 கிலோவாட் எலிமென்ட். 230 வோல்ட்டில் 3 கிலோவாட் என்றால் 13 ஆம்பியர், 4 கிலோவாட் என்றால் 17.4. மலிவு விலை வைஃபை மாட்யூலில் 10 ஆம்பியர் என்று போட்டிருக்கும். அதில் கீசரைக் கோத்தால் உள்ளே இருக்கும் ரிலேயின் (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) முனைகள் சூட்டில் ஒட்டிக்கொள்ளும். ஆப்பில் ஆஃப் என்று காட்டும், தண்ணீர் கொதித்துக்கொண்டிருக்கும்.

சரியான முறை: டிபி போர்டில் (வீட்டின் பிரேக்கர் பெட்டி) கீசருக்கான 20 ஆம்பியர் பிரேக்கர், அதற்குப் பின் டின் ரெயிலில் (பெட்டிக்குள் கருவிகளை மாட்டும் உலோகப் பட்டை) 25 ஆம்பியர் இரண்டு போல் கன்டாக்டர் (பெரிய கரண்டைத் தாங்கும் ரிலே). வைஃபை மாட்யூல் அந்தக் கன்டாக்டரின் காயிலை (அதை இழுத்து இணைக்கும் காந்தச் சுருள்) மட்டும் இயக்கட்டும், காயிலுக்குச் சில வாட்தான் போகும். கீசர் பக்கத்தில் இருக்கும் ஐசொலேட்டரை (கரண்டை முழுதாகத் துண்டிக்கும் கை சுவிட்ச்) கழற்றக் கூடாது. தெர்மோஸ்டாட்டையும் தொடாதீர்கள். ஆப்பில் 60 டிகிரி என்று வைத்துவிட்டுத் தெர்மோஸ்டாட்டைத் தாண்டி நேராக வயர் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். அதிக சூட்டில் தானாகத் துண்டிக்கும் பாதுகாப்பு அதற்குள்தான் இருக்கிறது. டிபி போர்டில் கைவைத்தால் பதிவுபெற்றவர் பார்த்து இணக்கச் சான்றிதழ் தர வேண்டும். இல்லாவிட்டால் இன்சூரன்ஸ்காரர் முதலில் கேட்பது அதைத்தான்.

கரண்ட் திரும்பும்போது கீசர் ஆஃப் நிலையில்தான் எழ வேண்டும். டாஸ்மோட்டா (வைஃபை கருவிகளுக்கான இலவச மென்பொருள்) போட்ட மாட்யூலில் பவர்-ஆன்-ஸ்டேட் (கரண்ட் வந்ததும் எந்த நிலையில் எழுவது என்ற செட்டிங்) என்பது பெட்டியிலிருந்து வரும்போதே 3, அதாவது "கடைசியாக இருந்த நிலை". அதை 0, அதாவது ஆஃப், ஆக்குங்கள். பிறகு 10 முதல் 30 நிமிடத்துக்குள் ஏதாவது ஒரு நேரத்தில் ஆன் ஆகும்படி ரேண்டம் தாமதம் வையுங்கள்.

பீனிக்ஸ் அக்கா

ஆஃப் நிலை சரி, அண்ணே. ரேண்டம் எதற்கு? எல்லோரும் 15 நிமிடம் என்று வைத்தால் ஆகாதா?

சாட்ஸ்வொர்த் வயர்மேன்

ஆகாது அக்கா. சாதாரண நாளில் ஒரு தெருவின் கீசர்கள் வேறு வேறு நேரத்தில் சூடாகும். அதை நம்பித்தான் டிரான்ஸ்ஃபார்மரின் அளவையே கணக்குப் போட்டிருக்கிறார்கள். நான்கு மணி நேரம் கரண்ட் இல்லையென்றால் எல்லாத் தொட்டியும் கொஞ்சம் ஆறி, கரண்ட் வந்ததும் எல்லாத் தெர்மோஸ்டாட்டும் ஒன்றாக ஆன் ஆகும். 100 வீடு, வீட்டுக்கு 3 கிலோவாட், 300 கிலோவாட் ஒரே நேரத்தில் இழுத்தால் வந்த கரண்ட் திரும்பவும் போகும். எல்லோரும் 15 நிமிடம் என்று வைத்தால் அதே கூட்டம் 15 நிமிடம் கழித்து வரும், அவ்வளவுதான்.

இன்னொன்று. கீசரை நேரம் பார்த்து அணைத்தால் பில் பாதியாகும் என்கிறார்கள், நம்பாதீர்கள். 150 லிட்டரை 20 டிகிரியிலிருந்து 60-க்கு ஏற்ற ஏறக்குறைய 7 யூனிட் வேண்டும். 3 கிலோவாட்டில் இரண்டு மணி இருபது நிமிடம். குளிக்கிற தண்ணீருக்கான செலவு எப்படியும் இருக்கும். மிச்சமாவது சும்மா நிற்கும்போது தொட்டி இழக்கும் சூடு மட்டும்தான். அதற்குக் கீசர் போர்வையே போதும், வைஃபை தேவையில்லை.

லெனேசியா நெட்வொர்க்

வைஃபை பக்கம் சில பொறிகள் இருக்கின்றன.

கரண்ட் ஒரேயடியாக வருவதில்லை. வரும், போகும், வரும். டூயா ஆப்பில் ஓடும் வகை பல்புகளை மூன்று நான்கு முறை சட்டென்று அணைத்துப் போட்டால் பேரிங் நிலைக்கு (புதிதாக வைஃபையோடு ஜோடி சேரக் காத்திருக்கும் நிலை) போகும். கரண்ட் சிமிட்டுவதும் பல்புக்கு அதே சைகைதான். காலையில் பார்த்தால் வீட்டு பல்பெல்லாம் வைஃபையை மறந்துவிட்டு மினுக்கிக்கொண்டிருக்கும். டாஸ்மோட்டாவிலும் இதே வசதி இருக்கிறது, செட்-ஆப்ஷன் 65-ஐ 1 ஆக்கினால் நின்றுவிடும். சில பல்பு ஆப்களில் இதை நிறுத்தவே வழி இல்லை. வாங்கும் முன் பார்த்துக்கொள்ளுங்கள்.

எம்க்யூடிடி (கருவிகள் செய்தி பரிமாறும் முறை) பயன்படுத்துகிறவர்கள் கவனிக்க: "ஆன் செய்" என்ற கட்டளையை ரீடெயின் (சேமித்து வை) போட்டு அனுப்பாதீர்கள். புரோக்கர் (நடுவில் செய்திகளை வாங்கிக் கொடுக்கும் சர்வர்) அதைச் சேமித்து வைத்துக்கொண்டு, கருவி மறுபடி இணைந்ததும் முதல் வேலையாக நேற்றைய கட்டளையைக் கையில் கொடுக்கும். பவர்-ஆன்-ஸ்டேட்டை 0 ஆக்கியும் கீசர் தானாக எழுகிறது என்றால் முதலில் இதைத்தான் பாருங்கள். நிலையைச் சொல்லும் செய்தியை ரீடெயின் செய்யலாம், கட்டளையைக் கூடாது. கீப்-அலைவ் (கருவி உயிரோடு இருப்பதைச் சொல்ல வேண்டிய இடைவெளி) 60 நொடி என்றால், கருவி செத்துவிட்டது என்று புரோக்கர் முடிவுக்கு வர 90 நொடி ஆகும். அதுவரை திரையில் பச்சைதான்.

ஜிக்பீ (குறைந்த மின்சாரத்தில் ஓடும், வைஃபை அல்லாத ரேடியோ முறை) சென்சார்கள் வேறு ரகம். பேட்டரி சென்சார் தன் பக்கத்தில் கரண்டில் ஓடும் பிளக்கையோ பல்பையோ பிடித்துக்கொண்டுதான் பேசும். கரண்ட் போனால் அந்தப் பிளக் போச்சு, சென்சார் அநாதை. நல்ல சென்சார் வேறு வழி தேடிக்கொள்ளும். மலிவான சில, திரும்பப் பேர் பண்ணினால்தான் வரும். கோஆர்டினேட்டரையும் (ஜிக்பீ வலையை நடத்தும் மையக் கருவி) சென்சாரின் செய்தியைக் கடத்தும் பிளக் குறைந்தது ஒன்றையும் இன்வெர்ட்டர் பக்கத்து சர்க்யூட்டில் வைத்தால் இந்தத் தலைவலி போகும். வைஃபை 1 அல்லது 6-ஆம் சேனலில் இருந்தால் ஜிக்பீக்கு 25-ஆம் சேனலைக் கொடுங்கள், இரண்டும் மோதாது.

ரவுட்டருக்கும் ஃபைபர் பெட்டிக்கும் 12 வோல்ட் மினி யூபிஎஸ் வாங்கும்போது 8800 மில்லி ஆம்பியர்-அவர் என்று போட்டிருப்பதைப் பார்த்து ஏமாறாதீர்கள். அது 3.7 வோல்ட் செல்லின் கணக்கு, சுமார் 32 வாட்-அவர். இரண்டு பெட்டியும் சேர்ந்து 12 வாட் இழுத்தால், மாற்றும்போது ஆகும் இழப்பு போக, இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேலே நிற்கும்.

டோங்காட் மருந்தகம்

இன்சுலின் வைக்கும் ஃபிரிட்ஜுக்கு டிஎஸ்18பி20 என்ற வெப்பநிலை சென்சார் போடுகிறவர்களுக்கு. கரண்ட் வந்ததும் முதல் அளவு 85 டிகிரி என்று வரும். ஃபிரிட்ஜ் கெடவில்லை. அந்தச் சிப் எழும்போது அதன் ரெஜிஸ்டரில் (உள் நினைவு) இருக்கும் தொடக்க எண் அது. சூட்டை எண்ணாக மாற்றும் வேலை முடிவதற்குள் படித்தால் அதுதான் கிடைக்கும். 12 பிட் துல்லியத்தில் 750 மில்லிநொடி காத்திருந்து படிக்க வேண்டும். மைனஸ் 127 என்று வந்தால் வயர் விட்டிருக்கிறது, அல்லது 4.7 கிலோ ஓம் புல்-அப் ரெசிஸ்டர் (டேட்டா வயரைப் பவர் வயரோடு இணைப்பது) இல்லை. இந்த இரண்டு எண்ணையும் நிரலிலேயே தள்ளிவிடுங்கள். இல்லையென்றால் நடுராத்திரியில் எல்லோருக்கும் அலாரம் போகும், மூன்றாம் தடவை யாரும் எழுந்து பார்க்க மாட்டார்கள்.

சென்சாரைக் காற்றில் தொங்கவிடாமல் ஒரு சின்ன கிளிசரின் குப்பிக்குள் வையுங்கள். கதவு திறந்தால் காற்றின் சூடு ஒரு நிமிடத்தில் ஏறி இறங்கும், மருந்தின் சூடு அப்படி ஏறாது. நமக்கு வேண்டியது மருந்து 2-லிருந்து 8 டிகிரிக்குள் இருக்கிறதா என்பதுதான்.

ஃபிரிட்ஜை ஸ்மார்ட் பிளக்கில் போட்டிருந்தால் திரும்பி வர 3 முதல் 5 நிமிடம் தாமதம் வையுங்கள். கம்ப்ரஸரின் இரு பக்க அழுத்தமும் சமமாகாமல் திரும்ப ஓட்டினால் மோட்டார் சுற்றாமல் இழுத்துக்கொண்டு நிற்கும்.

சாட்ஸ்வொர்த் வயர்மேன்

தாமதத்தோடு சேர்த்து வோல்டேஜையும் பாருங்கள். கேபிள் திருட்டில் நியூட்ரல் அறுந்தால் மூன்று ஃபேஸுக்கும் நடுவே வீடுகள் தொங்கும். குறைவாக இழுக்கும் வீட்டுக்கு 230-க்குப் பதில் 400-ஐ நெருங்கும் வோல்டேஜ் வரலாம். சர்ஜ் அரெஸ்டர் இருக்கிறதே என்று நிம்மதியாக இருக்க முடியாது. அது இடி மாதிரி மைக்ரோநொடி அடிக்குத்தான். 350 வோல்ட் நின்று அடித்தால் அரெஸ்டரே எரியும். தனியாக ஓவர்-அண்டர் வோல்டேஜ் ரிலே வேண்டும்: மேலே 253, கீழே 207, திரும்ப இணைய 180 நொடி.

ஜேக்கப்ஸ் பராமரிப்பு

வீட்டுக் கதை போதும், ஆலைக்கு வாருங்கள்.

முதலில் உயிர் விஷயம். கரண்ட் போன நேரத்தில்தான் யாராவது மெஷினுக்குள் கை விட்டு அடைப்பை எடுப்பார்கள். விஎஃப்டியில் (மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கருவி) ஆட்டோ-ரீஸ்டார்ட் ஆன் ஆகியிருந்து, ரன் சிக்னலும் பிஎல்சியில் (மெஷினை இயக்கும் ஆலைக் கணினி) பிடித்துவைத்ததாக இருந்தால், கரண்ட் வந்ததும் கன்வேயர் தானாக ஓடும். அந்த பாராமீட்டரை அணையுங்கள். சேஃப்டி ரிலேயில் மேனுவல் ரீசெட் போடுங்கள், மெஷினைக் கண்ணால் பார்க்கும் இடத்திலிருந்து அமுக்குகிற மாதிரி. டேஷ்போர்டில் ஸ்டார்ட் பட்டன் வைக்கலாமா என்று மேலாளர்கள் கேட்பார்கள். போனிலிருந்து நிறுத்தலாம். ஓட்டக் கூடாது.

அடுத்தது ஃபேஸ் வரிசை. தெருவில் கேபிளை ஒட்டவைத்துவிட்டுப் போனபின் இரண்டு ஃபேஸ் இடம் மாறியிருக்கும். பம்ப் தலைகீழாகச் சுற்றினால் தண்ணீர் குறையும், அவ்வளவுதான். ஸ்க்ரூ கம்ப்ரஸர் தலைகீழாகச் சுற்றினால் எண்ணெய் போகாமல் சில நொடியில் நாசம். ஃபேஸ்-சீக்வென்ஸ் ரிலேயின் (ஃபேஸ் வரிசை சரியா என்று பார்ப்பது) கான்டாக்டை மெயின் கன்டாக்டர் காயிலோடு தொடராக வைத்தால் தீர்ந்தது.

பிறகு டேட்டா. கடிகாரத்துக்கென்று பேட்டரி இல்லாத கேட்வே (சென்சார் டேட்டாவைச் சேகரித்து அனுப்பும் பெட்டி) எழுந்ததும் 1970 ஜனவரி 1 என்று எழுதும். இணையம் வந்து என்டிபி (இணையவழி நேரம் சொல்லும் சேவை) நேரம் கொடுக்கும்வரை வந்த பதிவெல்லாம் குப்பை. டிஎஸ்3231 கடிகாரச் சிப்பும் ஒரு சிஆர்2032 பேட்டரியும் போதும்.

உற்பத்திக் கவுண்டர் பூஜ்யத்திலிருந்து தொடங்கினால் "இந்த மணி நேர உற்பத்தி மைனஸ் 4,000" என்று அறிக்கை வரும். அதற்காக ஒவ்வொரு நொடியும் எண்ணிக்கையை ஃப்ளாஷ் நினைவகத்தில் எழுதுகிறார்கள். ஃப்ளாஷின் ஒரு பகுதி சுமார் 1,00,000 அழிப்பு தாங்கும். நொடிக்கு ஒன்று என்றால் 28 மணி நேரத்தில் காலி. எளிதில் தேயாத எஃப்-ரேம் (FRAM) வகை நினைவகச் சிப் போடுங்கள். அல்லது பிஎல்சியின் ரீடென்டிவ் நினைவகத்திலேயே (கரண்ட் போனாலும் அழியாதது) கவுண்டரை வைத்து, கேட்வே படிக்க மட்டும் செய்யட்டும். எனக்கு இரண்டாவதுதான் பிடிக்கும்.

4-20 மில்லி ஆம்பியர் அழுத்த சென்சாரில் (4 என்றால் கீழ் எல்லை, 20 என்றால் மேல் எல்லை) 0 மில்லி ஆம்பியர் என்றால் 0 பார் இல்லை, வயர் அறுந்திருக்கிறது அல்லது சென்சாருக்கு 24 வோல்ட் இன்னும் வரவில்லை. 0-10 பார் கணக்கில் அது மைனஸ் 2.5 பார் என்று வரும். 3.6-க்குக் கீழே வந்தால் "பழுது" என்று எழுதச் சொல்லுங்கள், எண்ணாகப் பதிய விடாதீர்கள்.

பைன்டவுன் மோல்டிங்

இன்ஜெக்‌ஷன் மோல்டிங்கில் கரண்ட் வந்த நேரத்தையும் மெஷின் தயாரான நேரத்தையும் ஒன்றாகப் பதிந்தால் ஓஇஇ (மெஷினின் மொத்தச் செயல்திறன்) கணக்கே பொய்யாகிவிடும். பேரல் (பிளாஸ்டிக்கை உருக்கும் குழாய்) சூடேற, சூடு உள்ளே சமமாகப் பரவ, கெட்டுப்போன பிளாஸ்டிக்கைத் தள்ளி வெளியே எடுக்க என்று நேரம் ஆகும். பிவிசி என்றால் இன்னும் கவனம், பேரலில் நின்று கருகினால் அமில ஆவி வரும்.

480 நிமிட ஷிஃப்ட், 60 நிமிடம் நின்றது. ஓடிய நேரம் 87.5 சதவீதம். ஓடிய 420 நிமிடத்தில் 30 நொடிக்கு ஒன்று என்றால் 840 வர வேண்டும், வந்தது 756, அது 90 சதவீதம். அதில் நல்லது 720, அதாவது 95.2. மூன்றையும் பெருக்கினால் ஓஇஇ 75 சதவீதம். கரண்ட் போனது 20 நிமிடம், சூடேற்றியது 40 நிமிடம் என்று பிரித்துப் பதிந்தால்தான் ஜெனரேட்டர் வாங்குவதா, பேரல் ஹீட்டருக்கு மட்டும் பேக்கப் கொடுப்பதா என்று முடிவு செய்ய முடியும். சாஃப்ட்வேர் விற்க வருகிறவர்கள் 75 என்ற எண்ணைப் பெரிய எழுத்தில் காட்டுவார்கள். எனக்கு வேண்டியது அந்த 40.

ஜேக்கப்ஸ் பராமரிப்பு

தலைப்பைவிட்டுக் கொஞ்சம் விலகுகிறேன், ஆனால் பணம் வீணாகும் இடம் இது. வயர்லெஸ் அதிர்வு சென்சார் வாங்குகிறவர்கள் நொடிக்கு எத்தனை சாம்பிள் என்று கேளுங்கள். நிமிடத்துக்கு 1440 சுற்று சுற்றும் மோட்டாரில் 6205 வகை பால் பேரிங் (தண்டைத் தாங்கும் குண்டு வளையம்) இருந்தால், வெளி வளையத்தில் கீறல் விழுந்தால் வரும் அதிர்வு சுமார் 86 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 24 சுற்று, அந்த பேரிங்குக்கு 3.585 மடங்கு). நொடிக்கு 100 சாம்பிள் எடுக்கும் சென்சாருக்கு 50 ஹெர்ட்ஸுக்கு மேல் கண் தெரியாது. தொடக்கக் கீறல் இன்னும் மேலே, கிலோஹெர்ட்ஸில்தான் பேசும்.

தலைப்புக்குத் திரும்பினால்: மோட்டார் கிளம்பிய முதல் 60 நொடிக்கு அதிர்வு அலாரத்தை மூடிவையுங்கள். குளிர்ந்த மெஷினின் அளவை வைத்துப் பேஸ்லைன் (ஒப்பிடுவதற்கான சாதாரண அளவு) எடுக்காதீர்கள். பேரிங் சூடு நிலையாகி அரை மணி கழித்து எடுங்கள்.

பீனிக்ஸ் அக்கா

கீசர் மாட்யூல் எழும்போது ஒரு நொடி "டிக்" என்று ரிலே அடிக்கிறதே, பவர்-ஆன்-ஸ்டேட் 0 வைத்தும்?

லெனேசியா நெட்வொர்க்

ரெடிமேட் மாட்யூலா, கையால் கட்டியதா? கையால் கட்டியது என்றால் ரிலே எந்தப் பின்னில் இருக்கிறது என்று பாருங்கள். ஈஎஸ்பி8266 வைஃபை சிப்பில் ஜிபிஐஓ (வெளிக்கருவியை இணைக்கும் பின்) 0, 2, 16 எல்லாம் பூட் ஆகும்போதே ஹை (ஆன் வோல்டேஜ்) ஆகும், சாஃப்ட்வேர் எழுவதற்கு முன்பே. 4 அல்லது 5-க்கு மாற்றுங்கள். மாற்ற முடியாவிட்டால் கன்டாக்டர் காயிலுக்கு முன்னால் 5 நொடி ஆன்-டிலே டைமர் ஒன்று டின் ரெயிலில் போட்டுவிடுங்கள், டிக் சத்தம் கீசர்வரை போகாது.