பொருள்: குட்டை ஸ்கீ – "பனிக்கத்தி" வேண்டாம், "குறுஞ்சறுக்கி" ஆகுமா?

அனைவருக்கும் வணக்கம்.

பனி விளையாட்டுச் சொற்பட்டியலில் ஸ்னோபிளேடுக்கு நேராகப் "பனிக்கத்தி" என்று இருக்கிறது. நீக்கிவிடலாம் என்பது என் கருத்து. ஸ்னோபிளேடு என்பது சலமோன் நிறுவனம் 1990களில் தன் குட்டை ஸ்கீக்கு (ஸ்கீ: பனியில் சறுக்கக் காலணிக்கு ஒன்றாகப் பூட்டும் பலகை) வைத்த வணிகப் பெயர். அதைப் பிய்த்துப் பனியும் கத்தியுமாக மாற்றினால், ஐஸ் ஸ்கேட்டின் அடித்தகடுதான் நினைவுக்கு வரும். "பனிப்பலகை"யும் உதவாது. இரு காலையும் ஒரே பலகையில் குறுக்காக வைத்து நிற்கும் ஸ்னோபோர்டுக்கு அதை ஏற்கெனவே கொடுத்துவிட்டோம்.

ஸ்கீ = சறுக்கி, குட்டை ஸ்கீ = குறுஞ்சறுக்கி. வரையறை: "ஒரு மீட்டருக்கும் குறைவான நீளமுள்ள ஸ்கீ." கருத்துச் சொல்லுங்கள்.

– ந.

---

> வரையறை: "ஒரு மீட்டருக்கும் குறைவான நீளமுள்ள ஸ்கீ."

சொல்லுக்கு என் ஓட்டு உண்டு. "குறுஞ்செய்தி" போல வாயில் நிற்கிறது. வரையறைதான் இடிக்கிறது. சிறுவர் ஸ்கீயும் 80, 90 செ.மீ.தான். அது 20 கிலோ எடைக்கு வளையும்படி செய்தது. 70 கிலோ ஆள் அதில் ஏறினால் நடுப்பகுதி தொய்ந்து, நுனியும் வாலும் பிடிப்பில்லாமல் தூக்கிக்கொள்ளும். மறுபக்கம், 110, 120 செ.மீ. நீளத்திலும் இந்த இனம் உண்டு. 90 கிலோவுக்கு மேற்பட்டவருக்கு அதுதான் தோது. ஆகவே அளவை மட்டும் வைத்துப் பெயரிட முடியாது. பெரியவர் எடைக்குக் கட்டியது, இரு நுனியும் நிமிர்ந்தது, காலணி ஏறத்தாழ நடுவில் அமர்வது, ஊன்றுகோல் இல்லாமலே ஓட்டக்கூடியது: இவை நான்கும் வரையறைக்குள் வர வேண்டும்.

அது ஏன் விளையாட்டாக இருக்கிறது என்பதையும் குறிப்பில் ஒரு வரி சேர்க்கலாம். ஸ்கீயின் இரு பக்கமும் நடுவில் உள்வாங்கியிருக்கும் அல்லவா, அதற்குப் "பக்கக்குழிவு" என்று வைத்துக்கொள்வோம். குழிவின் ஆழம் = பனியைத் தொடும் நீளத்தின் வர்க்கம் ÷ (8 × அந்தக் குழிவு வளைவின் ஆரம்). தொடும் நீளம் 85 செ.மீ., ஆரம் 6 மீ. என்றால் ஆழம் 15 மி.மீ. அதாவது நுனியில் 120 மி.மீ. அகலம், நடுவில் 90. தொடும் நீளம் 145 செ.மீ. உள்ள சாதாரண ஸ்கீயில் ஆரம் 15 மீ. என்றால் குழிவு 17.5 மி.மீ. குழிவில் பெரிய வித்தியாசம் இல்லை. ஆரம் பாதிக்கும் கீழே போய்விட்டது. நீளம் வர்க்கமாக வருவதன் விளைவு. அகலம் குறைந்த சரிவிலும் வளைவு மேல் வளைவாகப் போடலாம் என்பதற்கு இதுதான் காரணம்.

கெடுதலும் இதே கணக்கில்தான். 31 செ.மீ. காலணியை 99 செ.மீ. ஸ்கீயின் நடுவில் பூட்டினால் முன்னே 34, பின்னே 34 மிஞ்சும். நீள ஸ்கீயில் பழகியவர் குதிகாலில் சாய்வார். வால் அவரைத் தாங்காது, மல்லாந்து விழுவார். எடை பாதத்தின் நடுவில் நிற்க வேண்டும், முழங்கால் மடங்கியிருக்க வேண்டும். வேகம் கூடினால் நுனி இடதும் வலதுமாக ஆடும். அப்போது இரண்டையும் ஒரே பக்கமாகச் சரித்து விளிம்பில் ஏற்றினால் ஆட்டம் அடங்கும். தட்டையாக ஓடவிட்டால் கூடும். புதுப்பனியிலும் எதிர்பார்ப்பு வேண்டாம். பரப்பு போதாது, புதையும். இயந்திரம் வாரிவிட்ட தடமும், வசந்தகாலத்துப் பிற்பகலில் இளகிய பனியும்தான் இதற்கு வாய்ப்பான இடம்.

– செ.

---

செ. அவர்களுக்கு,

குழிவுக் கணக்கு அருமை. சொல்லில்தான் எனக்கு ஓர் ஐயம். "சறுக்கி" வினையெச்சமாயிற்றே? "அவன் சறுக்கி விழுந்தான்." பெயர்ச்சொல்லாக வைத்தால் வாக்கியத்தில் குழம்பாதா? "சறுக்குக்கட்டை" ஐயத்துக்கு இடம் தராது.

இன்னொன்று: ஆல்ப்ஸின் ஆஸ்திரியப் பகுதியில் இதற்கும் பழைய இனம் ஒன்று இருக்கிறது. வசந்தத்தில் உருகி உறைந்து மணல்மணலான பனியில் இறங்குவதற்கானது. ஃபிர்ன்கிளைட்டர் என்பார்கள், பேச்சில் ஃபிகிள். அதையும் குறுஞ்சறுக்கி என்பதா?

– வே.

---

வே. ஐயா,

விசிறு – விசிறி, தூக்கு – மின்தூக்கி. இரண்டும் வினையெச்ச வடிவம்தான். "மின்தூக்கியில் ஏறினான்" என்பதில் யாரும் தடுமாறுவதில்லை. வேற்றுமை உருபு ஏறியதும் பெயர் தெளிந்துவிடும். "கட்டை" என்றால் மரம் நினைவுக்கு வருகிறது. இன்றைய ஸ்கீயில் மரம் நடுக்கருவில் மட்டும்; மேலும் கீழும் கண்ணாடி இழை, ஓரத்தில் எஃகு.

ஃபிகிளையும் க்னைஸ்ல் நிறுவனத்தின் பிக்ஃபுட் என்ற குட்டை ஸ்கீயையும் இதற்குள்ளேயே வைக்கலாம். பிக்ஃபுட் 1990களின் தொடக்கத்தது, நுனியைக் கால்விரல் வடிவில் வார்த்திருப்பார்கள். குளிர்கால எக்ஸ் கேம்ஸ் என்ற சாகச விளையாட்டுப் போட்டியில் 1998 முதல் 2000 வரை போட்டிப் பிரிவாக இருந்த ஸ்கீபோர்டும் இதே குடும்பம்.

– ந.

---

பெயர் முடிந்தது என்றால், காலணியை ஸ்கீயோடு பிடித்துவைக்கும் பூட்டுக்கு வருவோம். வாங்குபவருக்கு நீளத்தைவிட முக்கியம் அதுதான்; பட்டியலில் "பைண்டிங் – பிணைப்பு" என்று ஒரே பதிவாக இருக்கிறது. இரண்டாகப் பிரித்தே ஆக வேண்டும்: விழும்போது காலணியைக் கழற்றிவிடுவது "விடுபூட்டு", கழற்றாதது "விடாப்பூட்டு".

பழைய 90, 99 செ.மீ. வகைகளில் பெரும்பாலும் விடாப்பூட்டுதான். முன்னால் ஒரு கம்பி வளையம், பின்னால் நெம்பி மூடும் பிடி. ஸ்கீ குட்டை, அதனால் காலில் நெம்பும் கரமும் குட்டை, எனவே முழங்காலை முறுக்காது என்பது அதற்குச் சொல்லும் நியாயம். முறுக்குக்கு அது சரி. நுனி பனியில் குத்தி உடல் முன்னே பாயும் விழுதலுக்கு அது பதிலாகாது. பூட்டு விடாது, காலணியின் மேல்விளிம்பு கணைக்கால் எலும்பில் அழுந்தும், அங்கேதான் எலும்பு முறியும். மணிக்கட்டு வேறு கணக்கு. ஊன்றுகோல் இல்லாதவர் கையை ஊன்றித்தான் விழுவார், மணிக்கட்டுக் காப்பு அணிவது நல்லது.

விடாப்பூட்டைச் சரிபார்க்கும் முறை: பிடி உள்ளங்கையால் அழுத்தினால் மூட வேண்டும். ஒரு விரலுக்கே மூடினால் தளர்வு; முழு உடல் எடை கேட்டால் இறுக்கம். மூடுவதற்கு முன் காலணியின் அடியைச் சுரண்டுங்கள். அப்பியிருக்கும் பனியின் மேல் பூட்டினால் அப்போதைக்கு இறுக்கமாகத்தான் தெரியும். நாலு வளைவில் அந்தப் பனி நசுங்கியதும் இடைவெளி விழுந்து காலணி நழுவும். நடக்க வசதியாக அடி வளைந்த ரப்பர் காலணிகள் கம்பி வளையத்தில் சரியாக உட்காரா. தட்டையான பழைய வகை அடிதான் வேண்டும்.

விடுபூட்டு வேண்டும் என்பவர் பலகையில் 4 × 4 செ.மீ. இடைவெளியில் மறைதிருகுத் துளைகள் இருக்கின்றனவா என்று பார்த்து வாங்கலாம். இருந்தால் ஏற்றுத்தகடு வைத்து மாட்டலாம். எடை கூடும், நடுப்பகுதி விறைக்கும். அதைப் பொறுத்துக்கொள்ள வேண்டியதுதான். துளை இல்லாத மெல்லிய பலகையில் நேரே திருகு இறக்கினால் கருவில் பிடிமானம் போதாமல் பிடுங்கிக்கொண்டு வரும். எவ்வளவு விசைக்குப் பூட்டு விட வேண்டும் என்ற அளவைக் கடையில்தான் வைக்க வேண்டும்: எடை, உயரம், வயது, திறன், மி.மீ. கணக்கில் காலணி அடியின் நீளம் ஆகிய ஐந்தையும் கேட்பார்கள். நீளம் குதிகால் பக்கவாட்டில் அச்சாகியிருக்கும்.

விடாப்பூட்டில், கழன்ற ஸ்கீயைப் பனியில் ஊன்றி நிறுத்தும் தடைக்கால் கிடையாது. தவறிக் கழன்றால் தானாகச் சரிவில் ஓடிக் கீழே நிற்பவர் காலை வாரும், எனவே காலோடு கட்டும் வார் கட்டாயம். அதற்குக் "காப்புவார்" என்று எழுதிவிடுகிறேன், மறுப்பு இல்லையென்றால்.

– செ.

---

> அதற்குக் "காப்புவார்" என்று எழுதிவிடுகிறேன்

"கால்வார்" போதுமே. மலையேற்றப் பட்டியலில் இடுப்புக் கயிற்றுக்குக் காப்புவார் என்று போட்டிருக்கிறோம், மோதும். விடுபூட்டு, விடாப்பூட்டு இரண்டுக்கும் என் ஒப்புதல்.

– வே.