ஸ்டெயின் திட்டுத் திட்டாகப் பிடிக்குதா? டப்பாவைத் திறக்கும் முன் பார்க்க வேண்டியவை

பைன் மரத்தில் ஸ்டெயின் (மரத்துக்கு நிறம் ஏற்றும் திரவம்) திட்டுத் திட்டா நிற்குதுன்னா பிரஷ்ஷைக் குறை சொல்லிப் பயனில்லை. நார் சாய்ந்து மேலே எழும்புகிற இடம் மடமடன்னு குடிக்கும், ஒட்டினாற்போல இருக்கிற இறுகின இடம் தொடவே தொடாது. மேப்பிள், பிர்ச், செர்ரியிலும் இதே தொல்லைதான். ஓக், ஆஷில் அவ்வளவா வராது. முதலில் மரத்தோட தாகத்தை அடக்கணும். மெழுகு நீக்கின அரக்கு (ஷெல்லாக்) 30 கிராமை அரை லிட்டர் ஸ்பிரிட்டில் ராத்திரி முழுக்க ஊறவிட்டு, மறுநாள் வடிகட்டி ஒரே ஒரு கை பூசுங்க. 2 மணி நேரம் காய்ந்ததும் 320 நம்பர் உப்புத்தாளால் லேசா ஒரு தடவல். கரைசல் கெட்டியாயிட்டா ஸ்டெயின் பிடிக்காம வெளுத்துப் போகும்.

•••

அரக்குக்கு முன்னால் உப்புத்தாள் வேலை சரியாக இருக்க வேண்டும். 80, 120, 150 என்று வரிசையாகப் போய் 180-இல் நிறுத்துங்கள். நடுவில் ஒரு நம்பரைத் தாண்டினால் முந்தைய கீறல் அடியில் தங்கிவிடும். ஸ்டெயின் அதில் இறங்கிக் கறுப்புக் கோடாகக் காட்டிக்கொடுக்கும். மெஷினில் தேய்த்தாலும் கடைசிச் சுற்றைக் கையால், மரத்தின் ரேகை ஓடும் திசையிலேயே தேய்க்க வேண்டும். பலகையின் வெட்டுமுனை மட்டும் 320 வரை போகட்டும், இல்லாவிட்டால் ஸ்டெயினை அதிகம் குடித்து அது கறுத்துவிடும்.

பிறகு டர்பன்டைன் தொட்ட துணியால் துடைத்து, டார்ச்சைப் பலகையோடு சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். இணைப்புகளில் வழிந்த பசை வெளிறிய திட்டாகத் தெரியும். அதைச் சுரண்டி எடுத்தே ஆக வேண்டும். பசை மேல் எந்த ஸ்டெயினும் ஏறாது.

•••

அரக்குக் கரைசலுக்குப் பதிலாக, மரத்தின் தாகத்தை அடக்கக் கடையில் வாங்கும் கண்டிஷனரைப் பற்றி ஒன்று. ஈரம் காயும் முன்பே ஸ்டெயின் அடிக்கச் சொல்லும் டப்பாக்கள் உண்டு. என் கருத்தில் ராத்திரி முழுக்கக் காயவிடுவதே மேல். காய்ந்த பிறகுதான் அது துளைகளை ஒரே சீராக அடைக்கும்.

ஸ்டெயினைக் குலுக்காம அடிவரைக்கும் கிளறுங்க, நிறமி கீழேதான் படியும். தாராளமா பூசி, 3 நிமிஷம் விட்டு, மிச்சத்தை ரேகையோட துடைச்சிடணும். மேஜைப் பலகை மாதிரி பெரிய பரப்பில் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை ஒரே ஓட்டமா போகணும். பாதியில் நின்னா காய்ந்த ஓரத்தில் இரட்டை நிறம் விழும். தண்ணீர் ஸ்டெயின்னா, அடிக்கும் முன் பலகையை ஈரத்துணியால் துடைச்சுக் காயவெச்சு, எழும்பின நாரை 220-ஆல் தட்டிடுங்க. ஆழமா இறங்கக் கூடாதுன்னா கெட்டியான ஜெல் ஸ்டெயின் நல்லது.

•••

திட்டு விழுந்துவிட்டால்? எண்ணெய் ஸ்டெயின் ஈரமாக இருக்கும்போதே தின்னர் நனைத்த துணியால் துடைத்தால் நிறம் கொஞ்சம் குறையும். காய்ந்த பின் தேய்த்து எடுப்பதுதான் வழி, அல்லது கிளியர் கோட்டில் (ஸ்டெயினுக்கு மேல் பூசும் நிறமற்ற பூச்சு) நிறம் கலந்து மேலே மறைக்க வேண்டும். இந்த வேலையெல்லாம் வராமலிருக்க, அதே மரத் துண்டில், அதே நம்பர் தாளில் தேய்த்து, கிளியர் கோட் வரை பூசிப் பார்த்துவிடுங்கள்.

எண்ணெய் ஸ்டெயின் துடைத்த துணிகளைச் சுருட்டிப் போடாதீர்கள், தானாகவே தீப்பிடிக்கும். வெளியில் தனித்தனியாக விரித்து விறைக்கும் வரை காயவிடுங்கள்.