அலெக்ஸ் ஜோன்ஸ் நம்பினாரா, விற்றாரா?

கணக்குப்பிள்ளை: அமெரிக்காவில் இன்ஃபோவார்ஸ் என்ற சேனல் நடத்திச் சதிக் கதைகள் பரப்பின அலெக்ஸ் ஜோன்ஸ், அவற்றை மனசார நம்பின கிறுக்கர் என்று தேன்மொழி எழுதியிருக்கிறார். எனக்கு அவர் கெட்டிக்கார வியாபாரியாகத்தான் தெரிகிறார். குழாய்த் தண்ணீரில் விஷம் என்று கத்துவார். அவர் கடையிலேயே தண்ணீர் வடிகட்டி கிடைக்கும். நாடு கவிழப்போகிறது என்பார். நாள்பட்டாலும் கெடாத உணவுப் பொட்டலமும் அங்கேயே இருக்கும். 2015 முதல் 2018 வரை இன்ஃபோவார்ஸ் கடை விற்பனை 16.5 கோடி டாலருக்கு மேல் என்று அவர் மேல் போட்ட வழக்கில் வெளிவந்தது.

தேன்மொழி: கடை வைத்தால் பொய்யனா? தொண்ணூறுகளில் டெக்சாஸ் மாநில ஆஸ்டின் நகரத்து உள்ளூர் டிவியில் இதே பேச்சுதான் பேசினார். சத்து மாத்திரை வியாபாரமெல்லாம் பல வருடம் கழித்து வந்தது. வாங்கினவர்களும் சின்னப் பிள்ளைகள் இல்லை.

கணக்குப்பிள்ளை: சின்னப் பிள்ளைகளைப் பற்றியே பேசுவோம். 2012 டிசம்பரில் அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்து சாண்டி ஹூக் பள்ளியில் 20 குழந்தைகளும் 6 பெரியவர்களும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அது நாடகம், அழுதவர்கள் நடிகர்கள் என்று வருடக்கணக்கில் சொன்னார். மகனை மடியில் ஏந்தினேன், தலையில் குண்டு துளைத்த ஓட்டையைப் பார்த்தேன் என்று ஒரு தகப்பன் டிவியில் சொன்னார். அதற்கு வாய்ப்பே இல்லை என்று இவர் சேனலில் பேசினார்கள். பெற்றோருக்குக் கொலை மிரட்டல் வந்தது. அவர்கள் கனெக்டிகட்டிலும் டெக்சாஸிலும் இவர் மேல் வழக்குப் போட்டார்கள்.

தேன்மொழி: அதை நான் நியாயப்படுத்தவில்லை. 2022 விசாரணையில் அந்தத் துப்பாக்கிச்சூடு நூறு சதவீதம் உண்மை என்று அவரே ஒப்புக்கொண்டார். ஆனால் கனெக்டிகட் ஜூரி 96.5 கோடி டாலர் நஷ்டஈடு கொடு என்றது. எந்த மனுஷனால் கட்ட முடியும்?

பழைய ரேடியோ: நடுவில் நுழைகிறேன். நம்பினாரா என்று நெஞ்சைப் பிளந்தா பார்க்க முடியும்? 2018 ஆகஸ்டில்தான் யூடியூபும் ஃபேஸ்புக்கும் அவரை வெளியே தள்ளின. அதுவரை கூட்டம் சேர்த்துக் கொடுத்தவர்கள் மேல் யார் கேஸ் போடுவது?

கணக்குப்பிள்ளை: நியாயமான கேள்விதான். ஆனால் அதே 2018இல் சில நாட்களில் ஒரே நாள் விற்பனை 8 லட்சம் டாலர் வரை போயிருக்கிறது. டெக்சாஸ் விசாரணையில் இது வெளியானது. அவர் கைபேசிச் செய்திகளை அவருடைய வக்கீல் தரப்பே தவறுதலாக எதிர்த்தரப்புக்கு அனுப்பிவைத்த கூத்தும் அங்கேதான் நடந்தது! அப்புறம் 2020 மார்ச்சில், கொரோனாவுக்கு மருந்து என்று பற்பசை விற்காதே என நியூயார்க் மாநிலத்தின் தலைமை அரசு வக்கீலான அட்டர்னி ஜெனரல் உத்தரவிட்டார். பற்பசையையும் நம்பித்தான் விற்றாரா?

தேன்மொழி: பற்பசைக்கு என்னிடம் பதில் இல்லை. 96.5 கோடி அதிகம்தான் என்பதில் மாற்றமும் இல்லை.