2 மா நிலம், மூணு பங்கு: 2 குழி எங்கே போச்சு?

நீடாமங்கலம் மருமகள்:
வணக்கம். மாமனார் பேர்ல 2 மா நஞ்சை இருக்கு. என் வீட்டுக்காரர், கொழுந்தன், நாத்தனார் மூணு பேருக்கும் சமமா எழுதிடணும்னு சொல்லிட்டார். பத்திரம் எழுதுறவர்கிட்ட கொடுக்க வேண்டிய விவரத்தை நான்தான் டைப் பண்றேன். ஆளுக்கு 2/3 மா. கால்குலேட்டர்ல 0.6666667னு வந்துச்சு, 0.66னு போட்டுட்டேன். மாமனார் கண்ணாடியை மாட்டிப் பார்த்துட்டு, "மூணையும் கூட்டும்மா"ன்னார். 1.98தான் வருது. "மாவுக்கு 100 குழி. மிச்சம் 2 குழியை யாருக்கு எழுதி வச்சே?"ன்னு கேட்டார். சிரிச்சுக்கிட்டேதான் கேட்டார், ஆனா எனக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சு.

இன்னொரு கூத்து. பழைய பத்திரத்துல திடல் 'அரைக்கால் மா'ன்னு இருக்கு. ஏழாவது படிக்கிற என் பையன் அரையையும் காலையும் கூட்டி 0.75ங்கறான். அப்ப முக்கால்னே எழுதியிருப்பாங்களே? பின்னத்தைத் தசமமா மாத்துறதுக்கு யாராவது ஒழுங்கா ஒரு வழி சொல்லுங்க.

கும்பகோணத்தான்:
0.67 போடுங்க அக்கா. பள்ளிக்கூடத்துல அப்படித்தான் ரவுண்டு பண்ணச் சொன்னாங்க.

பாபநாசம் வாத்தியார்:
தம்பி, 0.67ஐ மூணால பெருக்கிப் பாரும். 2.01. இப்ப ஒரு குழி கூடிப்போச்சு. பக்கத்து வயக்காரர் வரப்பை வெட்டித்தான் எடுக்கணும்.

அம்மா, முதல்ல பையன் கணக்கு. அரைக்கால்னா காலில் அரை, 1/8. 1ல 8 போகாது. சைபர் சேர்த்தா 10, ஒரு தடவை போகும், மீதி 2. அது 20 ஆகும், ரெண்டு தடவை, மீதி 4. அது 40 ஆகும், அஞ்சு தடவை, மீதி இல்லை. 0.125. உங்க திடல் பன்னிரண்டரை குழி. உங்க பையனாவது கூட்டிப் பார்த்தான். நான் பாடம் நடத்தின காலத்துல 1/8ஐ 1.8னு எழுதாத வகுப்பே கிடையாது. கோட்டை அழிச்சுட்டுப் புள்ளி வச்சுடுவானுங்க!

இப்ப 2/3. 20ல 3 ஆறு தடவை, மீதி 2. மறுபடி 20, மறுபடி 6, மறுபடி மீதி 2. செக்குமாடுதான், நீங்க பாதியில நிறுத்தினாத்தான் நிக்கும். பின்னத்தைச் சுருக்கின பிறகு கீழ் எண்ணைக் காரணிகளா உடைச்சுப் பாருங்க. 2ம் 5ம் மட்டும் வந்தா தசமம் முடியும், 10ஐ உடைச்சா அந்த ரெண்டுதானே வருது. 3, 7னு எது கலந்தாலும் முடியாது.

எங்க தாத்தா சொல்லிக்கொடுத்த பின்னப் பேர் வரிசையைப் பாருங்க. மா 1/20, அதாவது 0.05. வேலிங்கற பெரிய நில அளவுல இருபதில் ஒண்ணுதானே மா, அதான் நிலத்துக்கும் அதே பேர். மாகாணி 1/16, 0.0625. காணி 1/80, 0.0125. முந்திரி 1/320, 0.003125. 320ஐ உடைச்சா ஆறு 2, ஒரு 5, அவ்வளவுதான். ஒண்ணு விடாம எல்லாம் முடியுது. மூணில் ஒண்ணுக்கு அந்த வரிசையில பேரே இல்லை.

அப்ப களத்துமேட்டுல மூணு பங்கு வந்தா என்ன பண்ணினாங்க? நெல் அளக்கிற கலத்துக்கு 12 மரக்கால். மூணில் ஒண்ணு 4 மரக்கால், அளந்து கொட்டிட்டுப் போயிட்டே இருந்தாங்க. கலத்துல சொன்னா 0.333னு இழுக்கும், மரக்கால்ல சொன்னா இழுக்காது. உங்க நிலத்துக்கும் அப்படி ஒரு அலகு இருக்கும், தேடிப் பாருங்க.

அளவுக்காரன், திருவாரூர்:
சார் சொல்ற அலகு சதுர அடிதான். ஒரு கோல் நீளம், ஒரு கோல் அகலம்தான் குழி; 12 அடிக் கோல்னா ஒரு குழி 144 சதுர அடி. 2 மா 28,800. மூணால வகுத்தா 9,600, புள்ளியே வேண்டாம். '2/3 மா, அதாவது 9,600 சதுர அடி'ன்னு ரெண்டையும் எழுதுங்க. பட்டாவுல ஹெக்டேர், ஏர் (100 சதுர மீட்டர்) கணக்கு, ஆளுக்கு 8.92 ஏர், மூணும் சேர்ந்து 26.76. ஆனா குழி ஊருக்கு ஊர் மாறும், உங்க பத்திரத்துல என்ன கோல்னு பார்த்துக்கங்க. மூணு மா ஒரு ஏக்கர்ங்கறது வாய்க்கணக்கு. உண்மையில 99.17 சென்ட்தான் வரும்.

நீடாமங்கலம் மருமகள்:
12 அடிக் கோல்தான் சார். 9,600னு சொன்னதும் மாமனார் விரலை மடக்கிப் பார்த்துட்டு "ம்"ன்னார். அவர்கிட்ட அதுக்கு மேல எதிர்பார்க்க முடியாது. திடலைப் பையனே போட்டான்: 1,800 சதுர அடி, ஆளுக்கு 600. வைக்கோல்போர் எந்த 600ல நிக்குதுன்னுதான் இன்னும் பேசி முடியல.